சுங்குடிக்குச் சாட்சி இல்லை

தாம்பரம்,
12.11.1971

அன்புள்ள அம்மாவுக்கு ஞானஜோதி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் அனுப்பிய புதுச் சுங்குடிச் சேலையால் எங்கள் ஜவுளிக்கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பயப்படாதீர்கள். வேலைக்கு நுழையும்போது நாங்கள் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தை வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொள்வார். செவ்வாயன்று மழையில் நனைந்துபோனேன். பச்சை என்று எழுதினார். கூட வேலை செய்யும் சாராளிடம் காட்டக் கொண்டுபோயிருந்த சுங்குடியை உள்ளே மாற்றிக்கொண்டேன். சாயங்காலம், பை நிறையத் துணியோடு போன அம்மாக்களுக்குச் சலாம் போட்டவர் என்னை மட்டும் மறித்தார்.

"காலைல பச்சை கட்டிகினு வந்தே. இது ஏது? கடைச் சரக்கா?"

"எங்கம்மா அனுப்புனது அண்ணா."

மேனேஜரும் நம்பவில்லை. காலையில் அதைப் பார்த்த சாராளும் எனக்குச் சாட்சி சொல்லவில்லை. இனி அவளோடு சாப்பிட உட்காரமாட்டேன். சுங்குடியை அங்கேயே கொடுத்துவிட்டு, ஈரப் பச்சையையே கட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன்.

இப்போது சுங்குடி கடை அலமாரியில் விற்பனைக்கு இருக்கிறது. இன்று ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்தபடி அதைக் கேட்டார். நான்தான் விரித்துக் காட்டினேன்.

"சாயம் போவுமாம்மா?"

போகும் என்று சொல்லிவிட்டேன்; வேண்டாமென்று வைத்துவிட்டார். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுங்குடி வாங்கிய ரசீதை உடனே அனுப்புங்கள். கூடவே போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று. நீங்கள் கட்டிக் கிழிந்ததாக இருக்கட்டும். அது யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அவசரத்தில்,
ஜோதி