நான்காம் பக்கம்

அன்பு மகளுக்கு,

என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் விவரமாக எழுது, உன் வழக்கப்படி இரண்டு வரி எழுதி என்னைக் கலங்கடிக்காதே. உன் தம்பி குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று வந்து, சமையலறையிலும் தண்ணீர் வராமல் செய்துவிட்டுப் போனான். பிறகு ஆள் கூப்பிட்டுச் சரிசெய்தோம். அவனிடம் இதைக் கேட்காதே, இன்னொரு முறை வந்துவிடுவான்.

அப்பாவின் காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதில் மாட்டும் கருவியும் இனி உதவாது, உட்காதில் ஒரு கருவி பொருத்தினால் பேச்சு கேட்கும் என்று டாக்டர் பெண் சொல்லிப் பல மாதம் ஆகிறது. இவர் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். நண்பர்களோடு மாலை நடை நின்றுபோனது. யாராவது வந்தால் உள்ளே போய் ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைக்கிறார். நான் அவர் காதில் சொல்லும் ரகசியத்துக்கு எதிர்வீட்டுக்காரி பதில் சொல்கிறாள். கத்திக்குப் பயப்படுகிறார் என்று நீயும் தம்பியும் நினைத்தீர்கள். பயம் கத்தியை நினைத்து அல்ல, நம் வீட்டுப் பழைய இசைத்தட்டை நினைத்து. கருவி வைத்தபின் இசை முதலில் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலக் கேட்கும், பழக மாதக்கணக்கில் ஆகும், பழையபடி ஆகுமென்று உறுதி தர முடியாது என்று டாக்டர் பெண் நேர்மையாகச் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு முடிந்தது. தலைக்குள்ள அந்தப் பாட்டு நல்லபடியா ஓடிக்கிட்டிருக்கு, அதையும் கெடுத்துக்கணுமா என்றார்.

அந்த இசைத்தட்டுக்கு, திருமணமான புதிதில், என்னைவிட அதிக மரியாதை இந்த வீட்டில் இருந்தது. சூரியனைத் தூசுமேகம் மறைத்துவிட, மனிதர்கள் பூமிக்கடியில் நகரம் தோண்டிக் குடியேறும் ஒரு பழைய அறிவியல் நாவலை எடுத்துக்கொண்டு, தலைமுடி வளர்த்த நான்கு பேர் கிடாரும் டிரம்முமாக இரண்டு தட்டு நிறையப் பாட, நடுநடுவே கனத்த குரலில் ஒருவர் கதையும் சொல்வார். வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் அந்தத் தூசுமேகத்தைக் குறித்து எனக்கு ஆட்சேபங்கள் உண்டு. மூன்றாம் பாட்டின் கிடார் வரும்போது அவற்றைத் தள்ளிவைத்துவிடுவேன் என்பதை மட்டும் உன் அப்பாவிடம் சொல்லாதே.

போன மாதம் அதையே நீ கைபேசிக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் கதையில் வரும் பெண் சுரங்கவழியே மேலே ஏறி வெளிச்சத்தைக் காண வேண்டும், நம் வீட்டில் கதை அப்படித்தான். கைபேசியோ எல்லாரையும் பூமிக்கடியில் இறக்கி, காற்றுக்காக அடித்துக்கொள்ளவிட்டு, கடைசி விளக்கையும் அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவளை ஏறவிட்டது. கைபேசிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இந்த வரிசையில் கதைசொல்லியின் ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதோடு ஒழுங்காகப் பொருந்தியது, அதுதான் உறுத்தியது. தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நூலகம் கழித்துப் போட்டபோது வாங்கியவை. நடுவட்டத்தில் நூலகத்தார் காகிதம் ஒட்டியிருந்தார்கள், அதன்மேல் உன் அப்பா ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அச்சு மாதிரி எழுதியிருந்தார். ஈரப் பஞ்சால் காகிதத்தை உரித்ததும் அடியில் அச்சிட்ட எண்கள் தெரிந்தன. முதல் தட்டின் ஒரு புறம் ஒன்று, மறுபுறம் நான்கு. இரண்டும் மூன்றும் மற்றத் தட்டில். தட்டுகளை அடுக்கிவைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழுந்து பாடும் பெட்டிகள் அப்போது இருந்தன. அவற்றில் ஒன்றும் இரண்டும் பாடியபின் அடுக்கை அப்படியே புரட்டிப் போட்டால் மூன்றும் நான்கும் வரும். நம் பெட்டியில் ஒரு தட்டுக்குத்தான் இடம், அதனால் தட்டைத் திருப்பினோம், ஒன்றுக்குப் பின் நான்கு பாடி, கதை தலைகீழானது. நகரத்துக்கே குடிநீர்க் குழாய் வரைபடம் போட்டவர் வீட்டில் நாற்பது ஆண்டாக ஒரு கதை தவறான குழாயில் ஓடியிருக்கிறது. வெளிச்சம் முதலில் கனவாக வந்து பிறகு பறிபோவது ஆழ்ந்த கதை உத்தி என்று கல்லூரி மலரில் கட்டுரை எழுதி நீ முதல் பரிசும் வாங்கினாய். அதை என்ன செய்வது என்று நீயே யோசித்துக்கொள்.

தட்டையும் உருப்பெருக்கியையும் அவர் கையில் கொடுத்தேன். காகிதத்தை ஏன் உரித்தாய் என்று சண்டைக்கு வருவார் என எதிர்பார்த்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்ப கடைசியில அவங்க வெளிய வந்துடறாங்களா என்றார். வந்துவிடுகிறார்கள் என்று கத்தினேன். பிறகு சில நாள் தட்டும் உருப்பெருக்கியுமாகவே இருந்தார். பாட்டெல்லாம் மனப்பாடமாச்சே, வரிசையை மாத்தித் தலைக்குள்ளயே ஓட்டிப் பாருங்களேன் என்று சீண்டினேன். ஓட்டிப் பாத்துட்டேன், விளக்கு அணைஞ்சதும் தலை பழக்கதோஷத்துல நின்னுடுது, அதுக்கு மேல நகர மாட்டேங்குது என்றார். மறுநாள் காலை வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அந்த டாக்டர் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கா, இல்ல எனக்காகக் காத்திருந்து ரிட்டையர் ஆயிட்டாளா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்தேன். ஏதாவது சொல்லியிருந்தால் சட்டையைக் கழற்றியிருப்பார்.

பேச்சுதான் முதலில் பிடிபடும், மனப்பாடமான குரல் என்றால் இன்னும் சுலபம், அதனால் அந்தக் கதைசொல்லியிடமிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம் என்கிறாள் டாக்டர். பாட்டு தகரமாகவே நின்றுவிட்டால் அப்புறம் என்னைத் திட்டக் கூடாது என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டேன். நல்ல காதோட நாப்பது வருஷம் தப்பாக் கேட்டாச்சு, தகரக் காதோட ஒரு தடவை சரியாக் கேட்டுட்டுப் போறேன் என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த மாத முதல் வாரம் அறுவை சிகிச்சை. அதற்கு நீ வர வேண்டாம், மருத்துவமனையில் உட்கார்ந்து அழுவதற்கு விமானச் சீட்டு எதற்கு. புண் ஆறியபின்தான் கருவியை இயக்குவார்கள், அப்போது வா. அதுவரை கீழே விழாமல், வேளைக்குச் சாப்பிட்டு, இருவரும் சண்டையைக் குறைத்து நன்றாக இருங்கள். என் ஆசி எப்போதும் உங்களோடு உண்டு. ஒன்றை நினைவில் வை: வர முடியாமல் போனால் கருவியை இயக்கும் அன்றைக்கு அவரைத் தொலைபேசியில் கூப்பிடு, முகம் காட்டாமல் குரல் மட்டும். யார் பேசுவது என்று உன்னிடமே கேட்பார். கோபித்துக்கொண்டு என்னைக் கூப்பிடச் சொல்லாதே. உன் பெயரைச் சொல், புரியவில்லை என்றால் மறுபடி சொல், அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா