ஆறாம் நம்பர் மெஷின்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை.

வெள்ளிக்கிழமை எம்.ஏ. செமினார். போன செமஸ்டரில் பாதிப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை அது கூடாது.

என் தலைப்பு: ருமேனியாவில் டைப்ரைட்டருக்குப் போலீஸ் பதிவு. எண்பதுகளில் அங்கே வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருக்க அனுமதி வேண்டும். வருடாவருடம் அதில் அடித்த எழுத்து மாதிரியையும் கொடுக்க வேண்டும். அரசை எதிர்த்து ஒரு தாள் வெளியே வந்தால், எந்த வீட்டு மெஷின் என்று பிடிக்க.

வகுப்பு எடுக்கும் சார்: "எல்லாரும் குற்றாலம், தென்காசிக் கோயில்னு எடுத்திருக்காங்க. ஒனக்கு எதுக்கும்மா ருமேனியா?"

தலைப்பை மாற்றவில்லை.

அம்மா பீடி சுற்றிக்கொண்டே: "ஆளப் பிடிக்காம மெஷினப் போயி எதுக்குட்டி பிடிக்கான்?"

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், ஹேர்பின்.

ஜூலை 16, புதன்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தமிழ் ஹையர் பரீட்சைக்குப் பயிற்சி. அடித்த தாளை நீட்டியதும் சொல்லிக்கொடுக்கும் அக்கா முறைத்தாள்.

"ஏட்டி, ஒன் மெஷின விட்டுட்டு ஆறுல உக்காந்தியா?"

எப்படித் தெரிந்தது?

"ஆறுல 'ம' கீழ இறங்கி நிக்கும். ஏழுல 'ட' பாதிதான் விழும். தெனமும் திருத்துதேன், தெரியாதா?"

ருமேனியப் போலீஸ் செய்த வேலை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில்.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் ஒரே பத்தியை அடித்து, மேலே மெஷின் நம்பரைக் குறித்தேன். ஆறில் இன்னொரு தாள். அதன் நம்பரை மட்டும் பின்பக்கம் எழுதி, தெரியாதபடி ஓரத்தை மடித்து ஒட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

தரையைப் பார்த்தே ஆரம்பித்தேன். பின்பெஞ்சு: "சத்தமா!"

சார்: "எழுத்த வச்சு மெஷினக் கண்டுபிடிக்கவா? கத விடாதம்மா."

குரல் நின்றது. போன செமஸ்டர் மாதிரியே.

பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தேன். "நாலாவது எந்த மெஷின்னு நீங்களே சொல்லுங்க சார்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தார். வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்தது. ஒருத்தி, "'ம'வப் பாருங்க சார், இறங்கியிருக்கு!" சார் ஒட்டியதைப் பிரித்தார். ஆறு.

கைதட்டல். சார் சிரித்தார். "நல்லாருக்கும்மா. போதும், உக்காரு."

"இன்னும் முடியல சார்."

நான்தான் சொன்னேன்.

மாட்டுவோம் என்று தெரிந்தும் ருமேனியாவில் தாள் அடித்தவர்கள் இருந்தார்கள். பதிவு செய்யாத மெஷினை மண்ணில் புதைத்து வைத்து, எடுத்து எடுத்து அடித்தவர்கள். அவர்களைப் பற்றி ஆறு நிமிஷம் பேசினேன். நின்றுகொண்டே. தரையைப் பார்க்காமல்.