போருத் உன்னைக் கூப்பிட்ட கதை

ஒஸ்ப்,
நவம்பர் 9

அன்பு மகள் நிவெஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வயதுக்குத் தக்க நலத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே இன்ஸ்புருக்கில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், உன் வலது கை மோதிர விரல் நலமா என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ போனில் வாயே திறப்பதில்லை.

ஆலிவ் பறிப்பு முந்தாநாள்தான் முடிந்தது. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஏணி ஏற முடியாது, அதனால் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தக் கிளைய விட்டுட்ட பாரு, இந்தப் பக்கம் நாலு காய் தொங்குது பாரு" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். மூன்றாம் நாள் நான் இறங்கி வந்து, காயை உதிர்க்கும் சீப்புக் கம்பை அவர் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு கிளைகளைப் பற்றிப் பேச்சில்லை. மூன்று பேர் பார்த்த வேலையை ஒருத்தியாகப் பார்த்தால் தோள் என்ன ஆகும் என்று உன் படிப்புக்கு உனக்கே தெரியும், காலையில் தலை வாரக் கை எழும்பவில்லை. போதாக்குறைக்குக் காய்களை எண்ணெய் ஆலைக்கு எடுத்துப் போக வேண்டிய அன்று வாசலை மறித்து, பாறை ஏற வந்த ஒரு ஜெர்மன்காரனின் வண்டி, ஆளைத் தேடிப் பாறையடிக்குப் போனால் அவன் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்தாம்மா, முடிச்சிட்டு எறங்கிடறேன்" என்கிறான். அரை மணி நேரம் நின்று பார்த்தேன், அந்த இடத்தில் நீயும் எத்தனை தடவை திணறியிருக்கிறாய், கடைசியில் பொறுக்காமல், "இடது காலத் தூக்கி அந்தக் குழியில வைப்பா, எனக்கு ஆலைக்கு நேரமாச்சு" என்று கத்தினேன். வைத்தான், ஏறிவிட்டான். கீழே வந்து, நீங்கள் எத்தனை வருடமாக ஏறுகிறீர்கள் என்று கேட்கிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போனில் கேட்டால் "உன் இஷ்டம்" என்று நான் நழுவிவிடுகிறேன் என்று சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னாய். இனி எங்கே போய் இருப்பது என்று மூன்று இடம் சொன்னாய். இன்ஸ்புருக் ஆஸ்பத்திரியில் உன் பிசியோதெரபி வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஸ்பெயினில் அந்த மலைக் கிராமம், குளிர்காலம் முழுக்க வெயில், வாடகை கொஞ்சம், பாறை ஏற வருகிறவர்களின் தோளையும் முழங்கையையும் பார்த்துவிட்டால் சாப்பாட்டுக்கு வந்துவிடும் என்கிறாய். மூன்றாவது நம் பக்கம், கோபரில் போருத் நடத்தும் பாறை ஏற்றப் பயிற்சிக் கூடத்தில் வேலை. நான் தரையை விட்டு ஒரு சாண் ஏறியதில்லை, ஆனாலும் உன் பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை கீழே நின்று கயிறு பிடித்தவள், கழுத்து வலியைத் தவிர வேறு சம்பளம் வாங்காதவள், அந்த உரிமையில் சொல்கிறேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் பாறையைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கயிறு பிடிக்க யார் வருவார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த ஸ்பானியக் கிராமத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், வாரம் ஒரு புது ஆளிடம் உன் உயிரைக் கொடுப்பாயா. இன்ஸ்புருக்கில் மழை, வாடகை யானை விலை, எல்லாம் சரி, ஆனால் அங்கே ஹன்னே இருக்கிறாள். நாலு வருடமாக உன் கயிற்றைப் பிடிக்கிறாள், போன ஈஸ்டருக்கு இங்கே வந்தபோது அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தேன், யார் பேச்சுக் கொடுத்தாலும் கண்ணை உன் மேலிருந்து எடுக்கவில்லை. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

கோபர் வேலையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எடுத்து எடுத்து வைக்கிறேன். போருத் உனக்குப் போன் செய்த அன்று நீ என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நான் கேக்காமயே கூப்பிட்டாங்கம்மா, நான் இத்தன வருஷம் ஏறினத நம்ம ஊர்ல யாரோ பாத்துட்டுதான் இருந்திருக்காங்க" என்று அழுதாய். அவன் தானாகக் கூப்பிடவில்லை நிவெஸ். செப்டம்பரில் நான் ஐந்து லிட்டர் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு அவன் கூடத்துக்குப் போனேன். முதலில் அவன், "அக்கா, அவ தெறமைக்கு இந்த எடம் பத்தாதுக்கா" என்றான். நான் எழுந்திருக்கவில்லை, நான் எப்படி உட்காருவேன் என்று உனக்குத் தெரியும். கடைசியில், "ஆறு மாசம் சம்பளம் தரலாம், அதுக்கு மேல என் கையில இல்ல, அத அவகிட்ட சொல்லிடறேன்" என்றான். அதைச் சொல்ல வேண்டாம், அவள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். நீ அழுதபோது நானும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன், செய்ததில் கேவலம் அதுதான்.

உன் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. மருந்துச் சீட்டு, விறகு, அப்பாவுக்குக் காலுறை மாட்டுவது, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி, வீட்டில் இன்னும் இரண்டு கை இருந்தால் தேவலை என்று நினைத்தேன், அந்தக் கைகள் உன்னுடையவை என்பதை யோசிக்கவில்லை. அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நீ வருவதாகவே நினைத்து அந்த இடுப்போடு கொட்டகைச் சுவரில் நீ தொங்கிப் பழகப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்லப்போகிறேன். நாலு நாள் பேச மாட்டார், முப்பத்தினாலு வருடத்தில் அது பழகிப்போயிற்று. நாளை மறுநாள் மார்ட்டின் திருநாள், வாத்துக் கறி செய்தால் ஒரு நாள் முன்னதாகப் பேசினாலும் பேசுவார். ஆலிவ் வேலைக்கு அடுத்த வருடம் பக்கத்து வீட்டு ஸ்தோயானைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறேன், நீ அதை நினைத்துக் கிளம்பி வர வேண்டாம்.

கடவுள் உன்னையும் உன் விரல்களையும் காப்பாற்றட்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் கயிற்றைப் பிடிக்கிறவளுக்கு நல்ல கண்ணைக் கொடுக்கட்டும். விரலுக்கு ஒட்டுத்துணி சுற்றாமல் ஏறாதே. இருபதாம் தேதிக்குள் மறக்காமல் பதில் எழுது, எனக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. எனக்கு, உன் கோபம் தீர்ந்த பிறகு எழுதினால் போதும்.

உன் அம்மா,
லொரெதானா