ஆலங்கட்டி மழையும் சம்பந்தி மரியாதையும்

ரூஜ்,
பங்குனி, ஞாயிறு.

அன்புள்ள மகள் கௌசிக்கு,

நீயும் மருமகனும் எட்மன்டன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை பிள்ளை, வயிறு பற்றி எரிகிறது. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவார், அதனால்தான் பேனா எடுத்தேன்.

உன் மாமனார் பிக்கரிங் தாண்டி வாங்கிப்போட்ட காணியில் நானும் அப்பாவும் குத்தகைக்குத் தோட்டம் செய்வதும், போன ஆவணியில் ஆலங்கட்டி மழை கொட்டி வெண்டி, கத்தரி, பாவற்பந்தல் எல்லாம் நாசமாய்ப் போனதும் உனக்குத் தெரியும். தெரியாததைக் கேள். சேதம் பார்க்க அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அன்றைக்கென்று மாமாவும் மார்க்கம் நகரிலிருந்து பளபளக்கும் சப்பாத்தோடு வந்து நின்றார். இங்கே யார் தோட்டம் செய்வது என்று அவள் கேட்க, உன் அப்பா சேறு ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்கள் கதையுங்கோ சம்பந்தி என்று ஒதுங்கிவிட்டார். சம்பந்தி நிற்க நாம் முந்திக் கதைத்தால் மரியாதை இல்லையாம்! கல்யாண வீட்டுப் பந்தியா அது, முதல் இலை போட்டு உபசரிக்க? அந்த மனிசன் கூசாமல், தானே கமக்காரன் என்பதுபோல், நான்தான் ஃபாமர் என்று இங்கிலீசில் அளந்தார். நான் வாய் திறக்கப்போக அப்பா முழங்கையால் இடித்தார்.

போன கிழமை அவர்கள் வீட்டுப் பிறந்தநாளில் வடையைக் கடித்துக்கொண்டே, அரசாங்கம் தனக்குப் பயிரழிவுக் காசு தந்ததாம், அதில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ருக்குப் புதுத்தரை போட்டதாம் என்று எல்லாரிடமும் பெருமையடித்தார். ஒரு வெண்டிக்கன்று நட்டிருப்பாரா? குசினி அடுப்படியில் மறித்துக் கேட்டேன். காணி என்ரை பேரிலைதானே தங்கச்சி, சொந்தத்துக்குள்ளை உதெல்லாம் கதைக்கிறதோ என்றார். சொந்தமாம்! குத்தகைக் காசு வாங்கும்போது அந்தச் சொந்தம் எங்கே போனது?

இந்த வயதில் அப்பா முதுகு நோவோடு வெயார்ஹவுசில் பெட்டி தூக்குகிறார். விதைக்கும் உழவுக்கும் கையில் ஒன்றுமில்லை, வைகாசிக்குள் அந்தப் பயிரழிவுக் காசு வராவிட்டால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். கேட்டால், பிள்ளை அந்தக் குடும்பத்திலையெல்லே வாழுறாள், விடுமப்பா என்கிறார். உன்னைச் சாட்டித்தானடி எனக்கு வாய்ப்பூட்டு!

நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை, பக்கத்துக் காணியில் சோளம் போடும் எட்வேட்டைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். திரும்ப விசாரிப்பார்களாம், மாமாவையும் கூப்பிடுவார்களாம். அந்த வீட்டில் பெரிய சண்டை வரும், உனக்கும் பேச்சு விழும். அதற்கு முதல் நீ என்னிடமிருந்து அறிய வேண்டும். மருமகன் நல்ல பிள்ளை, இதை ஒளிக்காமல் அவருக்கு வாசித்துக் காட்டு. கோபம் வந்தால் என்னோடு கதைக்கட்டும், உன்னில் காட்டக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

மழைக்கு முதல் பிடுங்கிய பாவற்காயில் போட்ட வற்றல் அனுப்புகிறேன், தோட்டத்தில் மிஞ்சியது அதுதான், ஈரம் படாமல் வை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அம்மாளாச்சி உங்கள் இருவரையும் ஒற்றுமையாய் வைத்திருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அந்தப் பெண் என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டாள், யார் தோட்டம் செய்வது என்று. அவளுக்குச் சொன்னதையே கீழேயும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமக்காரி யோகராணி