பத்மாவதியின் பின்கழுத்து

நவ. 3, திங்கள்

காலை வெயில். மூன்று மணிக்கு வழக்கமான இடி, மழை. கொச்சி பஜார் முழுக்க ஈரச் சுக்கு வாசனை. இந்த ஈரத்தில் எலாஸ்டிக் எல்லாம் தளர்ந்து, என் பொம்மைகள் பதினொன்றும் கல்யாணத்துக்கு மறுநாள் சமையல்காரர்கள் போலச் சாய்ந்து கிடக்கின்றன.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை:
பத்மாவதிக்குப் புது எலாஸ்டிக்.
ஜோசப் சாரின் பைஃபோகல்.
கரண்ட் பில்.

முதலாவது மட்டும் நடந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளைப் பிரித்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வழியாகப் பாதம் வரை உள்ளே ஓடுகிற எலாஸ்டிக். அதைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடிக்க மூன்று கை வேண்டும். இருக்கிற இரண்டோடு பல்லையும் சேர்த்துக்கொண்டிருந்தபோது ஜோசப் சாரே வந்துவிட்டார். என் மடியில் ஒரு தலை, மேசையில் இரண்டு கண், வாயில் கொக்கி.

"திரக்கிலாணெங்கில் நான் பின்னே வராம்." வேலையாக இருந்தால் பிறகு வருகிறாராம். படியைக்கூட மிதிக்கவில்லை, மனிதர்.

மாலை நசீர் பாய். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவர். மூட்டுக்கு மூட்டு மடங்குகிற பொம்மைகளைச் சேர்க்கிற எங்கள் குழுவில் என்னைத் தவிர மீசை உள்ள ஒரே ஆள். பெரிய செய்தி: கடை மாடியை இந்த சீசன் முழுக்கக் குழுவுக்கு விடுகிறார். கண்காட்சி! நடுவில் தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு.

"அதுல ஒரே ஒரு உருப்படிதான் அண்ணே நிக்கும். மத்ததெல்லாம் சுத்தி ஷெல்ஃபுல."

"எந்த உருப்படி?"

"ஒன்னு உங்க பத்மாவதி, இல்லேன்னா விமலா சேச்சியோட லில்லி. ரெண்டும் ஒரே அச்சுதானே. யாராவது ஒராளு விட்டுக்கொடுங்க."

விட்டுக்கொடுப்பதாம். பாய்க்கு நல்ல நகைச்சுவை.

விமலா சேச்சி திருப்பூணித்துறைக்காரி, ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், குழுவின் தலைவி. (இனி வி.சே. முழுப் பெயர் எழுதினால் பேனாவோடு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.) லில்லியும் பத்மாவதியும் ஒரே கொரியாக்காரி வடித்து வார்த்த பெண்கள். லில்லி புதிதாக, பெட்டியும் சான்றிதழுமாக வந்தாள். பத்மாவதியை நான் பெங்களூர்ப் பெண் ஒருத்தியிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், உடுத்திய துணியோடு.

நவ. 5, புதன்

மழை இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கரண்ட் போயிருக்கும், நான் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறவள் உடம்பில் கோடு இருக்கலாமா? அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில், ரெசின் என்கிற வார்ப்புப் பிசினில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். நல்ல உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் போய்விடும். தோள், விலா, கை. ஆகா, வெண்ணெய். அப்படியே கழுத்துக்கு ஏறினேன். பின்கழுத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மேடு என்று நினைத்தேன். தேய்த்தேன். இன்னும் தேய்த்தேன்.

அது செய்தவளின் முத்திரை.

எறும்புத் தலை அளவில் ஒரு பூ. அவள் கையால் செய்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற நான், வயது தெரிந்துவிடும் என்று என்னுடையதைப் போடாமல் உட்கார்ந்து, அதைப் பொடியாக்கி ஊதிவிட்டேன்.

சந்திராவிடம் காட்டினேன். ஆறுதலுக்கு.

"எனக்கு மேலுவலிக்கு இத்தனை நேரம் தேய்ச்சு விட்டதுண்டா நீங்க?"

இதுதான் என் மனைவி.

நவ. 9, ஞாயிறு

மாதக் கூட்டம். போர்ட் கொச்சி சாயாக்கடை, கடல் பக்கத்து மேசை. வி.சே. வழக்கம்போல லில்லியை வயலின் பெட்டியில் கொண்டுவந்தார். மெட்ரோவில் யாரோ எந்த சபாவில் கச்சேரி என்று கேட்டார்களாம். பெருமையாகச் சொன்னார்.

பத்மாவதியைக் கையில் வாங்கினார். முடியை ஒதுக்கினார். நான் பழம்பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மோகா. எந்தா இது, பின்கழுத்து மொழுமொழுன்னு?"

"தேய்ச்சிட்டேன் சேச்சி. தெரியாம."

"ஹோம்வொர்க்கைப் பசு தின்னுச்சுன்னு சொன்ன பிள்ளைங்கள பாத்திருக்கேன். தேய்ஞ்சுபோச்சுன்னு சொல்றவன் நீதான் ஆத்யம்."

அஞ்சு (நர்ஸ், பொம்மைகளுக்குச் சட்டை தைப்பவள், நல்ல பெண், ஆனால் வாய்) கேட்டேவிட்டாள்: "அய்யோ சேட்டா, அப்போ இது ரீகாஸ்டாணோ?"

மேசையில் யாரும் மெல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அசல் பொம்மையிலிருந்து திருட்டு அச்சு எடுத்து வார்த்த நகல். செய்தவளுக்குச் சல்லி போகாது. நகலுக்குக் குழுவில் இடமில்லை என்பது வி.சே. போட்ட முதல் சட்டம்.

லில்லியின் பின்கழுத்தை எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். குட்டிப் பூ. பிறகு தீர்ப்பு.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். அசல்னு அத்தாட்சி கொண்டு வா. இல்லேன்னா இவ கண்காட்சிக்கு இல்ல. நீ குரூப்பிலயும் இல்ல."

"சேச்சி, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உன்னைத் தெரியும். அதான் கேக்கறேன்."

மாதத்தில் இந்த ஒரு ஞாயிறுதான் என்னை யாரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடாத நாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் கூட வந்திருந்த சந்திரா, அவள் மடியில் பத்மாவதி.

நவ. 11, செவ்வாய்

மழை. வதந்தி அதைவிட வேகம். ஜோசப் சார் வந்து பைஃபோகலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "மோகனே, ஃப்ரேம் ஒரிஜினல் தன்னெயல்லே?" எதிர்க்கடைக் குடைக்காரன் சிரிப்பை அடக்கத் தன் குடையையே விரித்துக்கொண்டான்.

கொரியாவுக்கு எழுதினேன். பதில் இல்லை. பெங்களூர்ப் பெண்ணின் நம்பர் இப்போது ஒரு கேட்டரிங் கம்பெனியுடையது. நூறு பேருக்குப் பிரியாணி வேண்டுமா என்று கேட்டார்கள்.

நசீர் பாய் தெருவில் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் தலைகீழ்.

நவ. 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!!

நான் இல்லை, சந்திரா. ஆனால் இது என் நாட்குறிப்பு.

காலையில் கொடியிலிருந்து புது நைட்டியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரோட்டோரத்தில் வாங்கியது. பிராண்ட் பெயரெல்லாம் அழகாகப் போட்டிருந்தது.

"பாத்தீங்களா டூப்ளிகேட்டை? ஒரு தடவை நனைச்சதுக்கே சுருங்கிக் குட்டியாச்சு."

சாயா டம்ளரோடு எழுந்து நின்றேன். பிசினும் அப்படித்தானே! வார்த்து இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால், நகல் அசலைவிட ஒரு மயிரிழையாவது சிறியதாகத்தான் வரும். எந்த முத்திரையும் வேண்டாம். லில்லி பக்கத்தில் பத்மாவதியை வைத்து அளந்தால் போதும். சமமாக இருந்தால் அசல். சிறியதாக இருந்தால் நகல்.

குதித்தேன். சாயா பாதி தரையில்.

"நைட்டி போச்சேன்னு நான் நிக்கறேன். நீங்க எந்தினா குதிக்கறீங்க?"

மதியத்துக்கு மேல் குதிப்பு அடங்கிவிட்டது. சிறியதாக இருந்தால்? பெங்களூர்க்காரியின் சிரிப்பைத்தானே நம்பி வாங்கினேன். பத்மாவதியைப் பார்த்தேன். இன்றைக்கென்று பார்த்து அவள் குட்டையாகத் தெரிகிறாள்.

நவ. 16, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். எழுத்தெல்லாம் கோணல். சந்தோஷத்தில்தான்.

நசீர் பாய் மாடி. மேசையில் வெள்ளைத் துணி. குழு முழுக்க ஆஜர், வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், அவமானம் பார்க்க. நான் கடையிலிருந்து லென்ஸ் அளக்கிற கேலிப்பரை எடுத்துப்போயிருந்தேன்.

சுருங்குகிற விஷயத்தைச் சொன்னேன். வி.சே. கணக்கு டீச்சராக இருந்தவர், பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"நிக்க வெச்சு அளந்தா ஒக்காது. எலாஸ்டிக் இறுக்கத்துல உயரம் மாறும். கழட்டு ரெண்டையும்."

கழற்றினோம். இடப்பக்கம் லில்லியின் தொடை, முழங்கை, பாதம். வலப்பக்கம் பத்மாவதியின். நடுவில் இரண்டு மொட்டைத் தலைகள் ஒன்றையொன்று பார்த்தபடி. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார ஜோடி பழைய விளக்கு தேடி மாடியேறி வந்தது. ஏழு பேர் குனிந்து ஒரு தொடையை அளக்கிறோம். அந்தம்மா "ஸாரி" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாகப் படியிறங்கினார்.

முதலில் லில்லியின் தொடை. நசீர் பாய் எண்ணை உரக்கப் படித்தார். பிறகு பத்மாவதியுடையது. படித்தார். நிறுத்தினார்.

"அண்ணே, ஒன்னு கூடவும் பிடிங்க."

மறுபடி. அதே எண்.

"சமமா இல்ல," என்றாள் அஞ்சு. நான் பத்மாவதியின் பாகங்களைப் பொறுக்கப் போனேன். "பத்மாவதி... வலுதாணு."

பெரியவள். பத்மாவதி பெரியவள்! உப்புத்தாளால் அத்தனை தேய்த்தும்!

எனக்கு உறைக்கவில்லை, சத்தியமாக. எல்லோரும் என்னையே அளந்துகொண்டிருந்தார்கள், நான் உட்பட. வி.சே.க்கு மட்டும் உறைத்துவிட்டது. கேலிப்பரை என் கையிலிருந்து வாங்கி அவரே அளந்தார். முன்கை. உள்ளங்கை. தலைச்சுற்று. பத்மாவதியின் மணிக்கட்டு உருண்டையை லில்லியின் முன்கைக் குழியில் பொருத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை. மாற்றிப் பொருத்தினார். லொடலொட.

கேலிப்பரை மூடி வைத்தார்.

"நகல் அசலைவிடப் பெரிசாகாது. அப்போ லில்லியாக்கும் கள்ளி."

முத்திரையும் கள்ளம், சான்றிதழும் கள்ளம். அந்தச் சான்றிதழ் அவர் வீட்டு ஹாலில் ஃப்ரேம் போட்டு, பேரன் படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது.

வியாழன் முதல் நான் ஒரு வெற்றி உரை தயாரித்து வைத்திருந்தேன். பசு, ஹோம்வொர்க் எல்லாம் உண்டு. வாயைத் திறந்தேன். அவர் லில்லியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், தொடை இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து.

"சட்டம் நான் போட்டது மோகா. நான் போறேன்."

"சேச்சி, உட்காருங்க. ஜெயிச்சது நானு. பெட்டி எனக்கு. அப்படித்தானே பாய்?"

"உங்களுக்குத்தான் அண்ணே."

"அப்போ என் இஷ்டப்படிதான் வெப்பேன். ரெண்டு பேரும் உள்ள நிக்கட்டும். எது அசல், எது நகல்னு வர்றவங்க சொல்லட்டும்."

"ஒராளுதான் கொள்ளும்னேனே அண்ணே," என்று பாய்.

"இடிச்சுக்கிட்டு நிக்கட்டும். பஸ்ல நிக்கல?"

வி.சே. பெட்டி மூடியைப் பாதியில் நிறுத்தினார். "இது தயவு ஒன்னும் இல்லியே?"

"தயவா? தினமும் நூறு பேரு முன்னால என் பொம்மை அசல்னு சொல்ல எனக்கு வேற வழி ஏது?"

சிரித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு லில்லிக்கு நானே எலாஸ்டிக் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். போட்டேன். பத்மாவதி பிடிமானம் எதுவும் இல்லாமல், சொந்தக் காலில், விளக்கின் கீழே நின்றாள். ராஜாத்தி.

வீடு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். வெற்றி உரையைச் சந்திராவுக்கு ஆற்றினேன். முழுதாக. சோறு ஆறிவிட்டது.

நவ. 23, ஞாயிறு

திறப்பு. வானம் வெளுப்பு, நல்ல கூட்டம். ஜோசப் சார் முதல் குடைக்காரன் வரை. என்னிடம் கைகொடுக்க வரிசை. குடைக்காரன் இரண்டு முறை கொடுத்தான்.

ஆனால் ஒன்று. எது அசல் என்று கேட்டால், வருகிறவர்களில் பாதிக்கு மேல் லில்லியைக் காட்டுகிறார்கள். "அந்தக் குட்டியோட கண்ணுல உயிரு இருக்கு" என்கிறாள் கிராம்பு மொத்த வியாபாரியின் மனைவி. மூலையில் நின்று வி.சே. தொண்டையைக் கனைக்கிறார்.

பதினோரு மணி வரை பொறுத்தேன். பிறகு கடைக்கு ஓடி விசிட்டிங் கார்டுக் கட்டை எடுத்து வந்தேன். லில்லி என்று சொன்ன ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. பின்னால் பேனாவில்: கண் பரிசோதனை இலவசம்.

ஒரு மணிக்குள் கட்டு காலி.

நவ. 24, திங்கள்

என் கடையில் இப்படி ஒரு திங்கட்கிழமை கிடையாது. பெஞ்சில் இடமில்லாமல் படியில் ஆள். எல்லாரும் லில்லிக்காரர்கள், கையில் கார்டு. நான்கு பேருக்கு நிஜமாகவே பவர் இருந்தது. கிராம்பு மனைவிக்கு இரண்டு கண்ணிலும். பார்த்தாயா பத்மாவதி!

மதியம் வி.சே. படகில் வந்தார். அவர் கையிலும் கார்டு. "வேற யாரைவிடவும் நான்தானே ரொம்ப நாளா தப்பாப் பாத்தது." நாற்காலியில் உட்கார வைத்து எழுத்து அட்டையைக் காட்டினேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தார், தலைமையாசிரியை வருகைப்பதிவு எடுப்பது போல.

"கண்ணுக்கு ஒன்னும் இல்ல சேச்சி."

"பின்னே எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"யாருக்குத் தெரியும்? கண்ணால தெரியாதுன்னு நேத்து ஊரே சொல்லிடுச்சு. அளந்தாதான் தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அதே! அளந்தாதான் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் எல்லாத்தையும் கொண்டு வரட்டும். ஒன்னு விடாம அளக்கலாம். உன்கிட்ட மீதி பத்து இருக்குல்ல, மோகா? உன்னோடதுலேர்ந்து தொடங்கலாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான்."

"பிரமாதம் சேச்சி," என்றேன்.

குழுவுக்கு அப்போதே மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் படகுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். பத்தும் வரிசையாக. மூன்றாவதாக நிற்கிற மிஸ் மேரிக்குட்டியை எங்கே வாங்கினேன் என்று யோசித்தேன். ரொம்பக் குறைந்த விலை. எப்படி இத்தனை மலிவு என்று அப்போதே சந்திரா கேட்டாள்.

கேலிப்பர் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா.