விதை ஆராய்ச்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

விதை ஆராய்ச்சி என்று நான் சொன்னதை வைத்து, "என் பையன் விவசாய விஞ்ஞானி" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். இது ஆண் எலியின் விதை. அதை முறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவோம், பிறகு அவிழ்ப்போம். முன்கூட்டியே செடிச்சாறு கொடுத்த எலிகளுக்குச் சேதம் குறைவு. அவ்வளவுதான் வேலை.

போன வாரம் எனக்கே முறுக்கிக்கொண்டது. இத்தனை படித்தும், வலியை உடம்புச் சூடு என்று நினைத்து, தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. ஒன்றை எடுத்துவிட்டார்கள். "ஒண்ணு போதும் தம்பி, குழந்தை பிறக்கும்" என்றார் டாக்டர். நான் எலிகளுக்கு யார் தீனி வைப்பார்கள் என்று யோசித்தேன்.

ஆபரேஷன் தையலில் பேன்ட் உரசுகிறது. லுங்கி இரண்டு அனுப்புங்கள். புதுசு வேண்டாம், நீங்கள் கட்டிய பழசே போதும்.

பேசி வைத்திருக்கும் பெண் வீட்டில் மறைக்க வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள். விதையில் பிரச்சினை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மழை இல்லையா என்று கேட்பார்கள்.

எலிகளுக்குச் சாறு கொடுக்க வேண்டும், வருகிறேன்.

உங்கள் மகன்