பூனாகலையில் பார்த்தது நானல்ல

பதுளை
ஞாயிறு மாலை

அன்புள்ள மகன் ஷிபானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் தங்கச்சி இஸ்ராவும் அல்லாஹ்வின் காவலில் சுகம். நீயும் மெல்பனில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், உன்மேல் கோபமாக இருக்கிற இந்த வாரமும் கேட்டேன், அதில் குறை வைக்கவில்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஏறுகிறாள். இஸ்ராவுக்குப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் பதினோராம் திகதி மாலை ஏழு இருபதுக்கு ஒரு சிறுகோள் நட்சத்திரம் ஒன்றை மறைக்கும், அதன் நிழல் நம் ஊவா மலைகளுக்கு மேலாகப் போகும் என்று நீதான் சொன்னாய். இரண்டு மூன்று இடத்திலிருந்து நேரம் குறித்தால் அந்தக் கல்லின் அகலம் தெரியும், பூனாகலைப் பக்கம் ஒருவரைப் பிடியுங்கள் வாப்பா என்று கெஞ்சியதும் நீதான். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற துஷாந்தி நம் கடைக்கு ஆணி, பெயின்ட் வாங்க வருகிறவள். கேட்டதும் சம்மதித்தாள். நீ விட்டுப்போன சின்ன டெலஸ்கோப்பை அவளிடம் கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் பொழுது சாய்ந்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே உள்ள மைதானத்தில் நின்று அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பழகினாளாம், கால் முழுக்க அட்டைக்கடி. அன்று மஃரிப் தொழுதுவிட்டு நான் கடை மொட்டைமாடியில் பெரிய டெலஸ்கோப்போடு நின்றேன். பதுளை முழுக்க மேகம். எட்டு மணி வரை நின்றேன், ஒரு நட்சத்திரமும் கண்ணில் படவில்லை. பூனாகலையில் வானம் திறந்திருந்தது. அவள் ஒரு போனில் செக்கன் எண்ணுகிற நேரச் சத்தத்தை ஓடவிட்டு, இன்னொரு போனில் தன் குரலைப் பதிந்திருக்கிறாள். நட்சத்திரம் மறைந்ததும் போச்சு என்கிறாள், நாலரை செக்கன் கழித்து வந்துருச்சு என்கிறாள். அவ்வளவுதான் பதிவு. அதைக் கேட்டுவிட்டு நான் பிள்ளை பிறந்த வீடு மாதிரி எல்லாருக்கும் டொஃபி கொடுத்தேன். மேகம், ஒன்றும் தெரியவில்லை என்ற என் குறிப்பையும், அவள் பதிவையும் அன்றே உனக்கு அனுப்பினேன்.

போன வாரம் சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். டெலஸ்கோப்பை ஒரு உரப் பையில் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மேசையில் வைத்து, பொருள் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க முதலாளி என்றாள். என்ன பிள்ளை, என்னத்துக்குத் திருப்பித் தாற என்று கேட்டேன். போனை நீட்டினாள். நீ சேர்ந்திருக்கிற அந்த நட்சத்திரம் பார்க்கிற குழுவின் அறிக்கை. இஸ்ரா வாசித்துச் சொன்னாள். பூனாகலை, நாலரை செக்கன், பார்த்தவர் ஏ. அஸீஸ், என் பெயர். துஷாந்தியின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் மகன். அந்தப் பிள்ளை என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நான் வாறேன் முதலாளி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உனக்கு அப்போதே போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். டெலஸ்கோப் எங்கடதானே வாப்பா, குழுவில பேர் பதிஞ்ச ஆள் நீங்கதானே, அவங்கட பேரைப் போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க, இது சின்ன விஷயம் என்றாய். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும் என்றுதான் செய்தேன் என்றாய். எனக்கு என்ன சந்தோஷம்? மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவனை நட்சத்திரம் பார்த்தவன் என்று உலகத்துக்குப் பொய் சொல்ல வைத்தாய். ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் கூட எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவன் நீ. ஆளையே மாற்றி எழுத உனக்குக் கை வந்தது. அவள் லயத்துப் பிள்ளை, கேட்க ஆளில்லை என்று நினைத்தாய். நீ அப்படி நினைக்கவில்லை என்று எனக்குப் பதில் எழுதாதே, யோசித்துப் பார்.

என் பிழையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதலில் உனக்குச் சொல்லும்போது, பூனாகலையில் நம்ம ஆள் ஒருத்தி இருக்கிறா என்றுதான் சொன்னேன். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று வாய் திறந்து அழுத்திச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இஸ்ராவை உட்கார வைத்து உங்கள் குழுத் தலைவருக்கு நானே மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று நான் பார்த்தது மேகம் மட்டும், பார்த்தவள் துஷாந்தி, அவள் குரல் இதோ என்று எழுதினேன். நீ என் மகன் என்பதையும் எழுதினேன். மூன்றாம் நாள் திருத்திவிட்டார்கள். மொனராகலையில் பார்த்தவருடைய நேரத்தோடு அவளுடைய நேரம் அழகாகப் பொருந்துகிறதாம், நல்ல கவனிப்பு என்று அவளைப் பாராட்டியும் எழுதியிருக்கிறார்கள்.

இன்று அந்தத் திருத்திய அறிக்கையை அச்செடுத்த காகிதத்தையும் டெலஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு பூனாகலைக்குப் போனேன். அவளுடைய அம்மா பூவம்மா தேத்தண்ணி தந்தார். கொழுந்து பறித்துக் கறை பிடித்த விரலால் மகளின் பெயர் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு, பேரு வந்துருச்சுங்க, பேரை எடுத்துட்ட தம்பி ஒரு வார்த்தை சொல்லலையே என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். துஷாந்தி மரியாதையாகத்தான் பேசினாள். உங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க, ஆனா அவரு எழுதாம இதைத் தொட மாட்டேன் என்றாள். எழுபது வயதில், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் போல டெலஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். அடுத்த மாதம் சந்திரன் மறைக்கப்போகிற நட்சத்திரத்துக்கு அங்கே ஆள் இல்லை. நானும் பார்க்கப் போவதில்லை, முடிவாகச் சொல்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டதாம், உம்மா பின்னிய சட்டையைப் போடு. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், பிழையை ஒத்துக்கொள்ளும் மனதும் தரட்டும். அவளுக்கு எழுதுவதை எனக்கு அனுப்பி, கொடுத்துவிடுங்கள் வாப்பா என்று சொல்லாதே. இங்கிலிஷில் எழுதாதே, பூவம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். உறைக்கு மேலே இப்படி எழுது:

செல்வி துஷாந்தி, விஞ்ஞான ஆசிரியை, ஆறாம் லயம், பூனாகலைத் தோட்டம், பண்டாரவளை.

பெயரை முழுதாக எழுது.

உன் வாப்பா,
அஸீஸ்